மூளையைக் கூட்டிப் பெருக்கியது

என் மனைவிக்குச் சொற்கள் நழுவத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. "அந்த சுத்துறது" என்பாள். மின்விசிறியா, கிரைண்டரா என்று நான் ஊகிக்க வேண்டும். செங்கல்பட்டில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். ஆரம்ப நிலை மறதி நோய் என்றார் அந்த அம்மையார்.

நரம்பு செல் தன் பழைய பொருள்களைப் பையில் கட்டிச் சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறதாம். அந்த வேலை கெட்டால் ஒரு நரம்பு இன்னொன்றோடு பேசும் சந்திப்பில் தகராறு வரலாமாம். பைகள் நரம்பின் நுனியில் உருவாகி, செல்லின் நடுப்பகுதிக்குப் பயணம் போகின்றன என்றும் சொன்னார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருடம் கழிவைப் பையில் கட்டி, சீட்டு ஒட்டி, உரிய கட்டடத்துக்கு அனுப்பியவன் நான். செல்லுக்கு யார் பயிற்சி கொடுத்தது என்று வியந்தேன்.

பட்டினி கிடந்தால் இந்தத் துப்புரவு வேகம் பிடிக்கும் என்று கைபேசியில் ஒரு காணொளி சொன்னது. மருத்துவரைக் கேட்கவில்லை. எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு அனுமதி எதற்கு? மதியம் ஒரு மணி வரை அவள் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அட்டவணை போட்டேன். காலை ஏழிலிருந்து, சாப்பிடவில்லை என்று மணிக்கொரு முறை அவள் கையொப்பம் போட வேண்டும்.

அச்சரப்பாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவள்.

"இன்னாங்க இது? வூட்லயும் ஷிப்ட் போட்டுட்டீங்களா? நாஸ்தா துன்னா மூளை அழுகிடுமா? முப்பது வருசம் குப்பைய கட்னது பத்தலன்னு, என் மண்டைக்குள்ள தொடப்பத்த எடுத்துகினு வந்துட்டீங்களே!"

ஒரு சொல் தடுமாறவில்லை. முந்தின வாரம்தான் துடைப்பத்தை "அந்தப் பெருக்குறது" என்றிருந்தாள். குறிப்புக் கட்டத்தில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். நான்கு நாளும் திட்டினாள். நான்கு முறை எழுதினேன்.

ஐந்தாம் நாள் ஒன்பது மணிக்குப் பார்த்தால், பன்னிரண்டு மணிக் கையொப்பமும் போட்டாகியிருந்தது.

"சாப்பிட்டியா?"

"பின்ன? நாலு இட்லி. தெனமும். நீங்க பேப்பர் படிச்சிகினு இருக்கும்போது."

பட்டினியே நடக்கவில்லை. அப்படியென்றால் துடைப்பம் என்ற சொல் எப்படி வந்தது?

மருத்துவரிடமே போய்க் கேட்டேன். முதலில் என்னைத் திட்டினார். பிறகு என் குழப்பத்தைப் பெருக்கினார். பை குப்பையை மட்டும் அள்ளுவதில்லை. சில நரம்புகளில், சேதியைச் சுமக்கும் நுண்பொதிகளையும் அள்ளிப் பேச்சைக் குறைக்கிறது. துப்புரவை நிறுத்தினால் சில நரம்புகள் உரக்கப் பேசும், சில மங்கிப்போகும்.

"இவளுக்குக் கூடுதல் சுத்தம் வேண்டுமா, குறைவா?"

"இப்போதைக்குச் சொல்ல முடியாது சார். தெரிஞ்ச மாதிரி அட்டவணை மட்டும் போடாதீங்க."

"கோபத்தில் மட்டும் சொல் வருகிறதே?"

"அதுக்கு வேற காரணம் இருக்கலாம்."

இருக்கலாம் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அட்டவணையைக் கிழித்தேன். அவள் என் முகத்தெதிரே சாப்பிட்டாள். திட்டு நின்றது. சொற்கள் மறுபடி நழுவின.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மணலில் காயப் போட்டிருந்ததைக் காட்டி, "அந்த... முடிச்சு முடிச்சா..." என்று நின்றுவிட்டாள். கண் கலங்கியது. சொல் என் நாக்கில் இருந்தது. கொடுக்கவில்லை.

"காலையில் உன் இட்லி கல்லு மாதிரி இருந்தது" என்றேன்.

"கல்லா? ஆறு துன்னது யாரு? இந்த வலையில சுத்தி உங்கள படகுல ஏத்தி வுட்டுடணும்!"

வலை என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. இன்னும் திட்டிக்கொண்டே நடந்தாள். எதுவும் புரியாமல், அடுத்து எதைக் குறை சொல்லலாம் என்று யோசித்தபடி நான் பின்னால் போனேன்.