மண்ணச்சநல்லூரில் அக்காவின் முதல் திருவிருந்து

போன மாதம் முதல் ஞாயிறு திருச்சி போயிருந்தேன். கோயிலுக்கோ மலைக்கோட்டைக்கோ அல்ல, என் அக்கா கிரேஸுக்காக. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன சபைக்கு அவள் ஆயராக வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றுதான் அங்கே முதல்முறையாகத் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கை, நடத்தவிருந்தாள். சபைச் செயலர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்: பெண் பிரசங்கம் செய்தால் கேட்போம், ஆனால் அவர் கையால் அப்பம் வாங்க ஆண்கள் வரமாட்டார்கள், அப்படி ஆனால் வேறு ஆயர் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போகும். அக்கா இதைப் போனில் மழை வருமா வராதா என்பது போலச் சொன்னாள். தூக்கம் போனது எனக்குத்தான்.

சென்னையிலிருந்து இரவு ரயில், ஸ்லீப்பர் 245 ரூபாய். ஜங்ஷன் வரை போகாதீர்கள், ஸ்ரீரங்கத்திலேயே இறங்குங்கள். காவிரியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் வேலை மிச்சம். 4.50க்கு இறங்கினேன். ராஜகோபுரம் பக்கம் குளிக்க மட்டும் அறை, 150 ரூபாய். அங்கிருந்து சபைக்குப் பத்து கிலோமீட்டர். டோல்கேட் நிறுத்தத்தில் பஸ் மாறினால் இருபது ரூபாய்க்குள் முடியும். காத்திருக்கப் பொறுமையில்லாமல் 280 கொடுத்து ஆட்டோ பிடித்தேன்.

ஓட்டுநர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல தாயாரைச் சேவிச்சுட்டுத்தாங்க பெருமாள்கிட்டயே போகணும். உங்க ஆளுங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

ஆராதனை எட்டு மணிக்கு. செருப்பு வெளியே. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் முக்காட்டோடு பெண்கள். அக்கா நெல் அரவையை வைத்துப் பதினேழு நிமிடம் பிரசங்கம் செய்தாள். எனக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் எந்தப் பிரசங்கமும் தாங்காது. இதைக் கேட்டேன். தவிடு வீணில்லை என்று அவள் சொன்னபோது ரைஸ் மில்காரர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு திருவிருந்துக்கு அழைத்தாள். ஆண்கள் முதலில் போய்ப் பீடத்தின் முன் மண்டியிட வேண்டும், அவர்கள் முடித்த பிறகே பெண்கள். இது அந்தச் சபை வழக்கம். நான் இருந்த ஆண்கள் பக்கம் ஒருவரும் அசையவில்லை. அதனால் பெண்களும் எழ முடியவில்லை. அக்கா தட்டோடு நின்றாள். ஒரு சிஸ்டம் இப்படி உறைந்து நின்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. எழுந்து போய் மண்டியிட்டேன்.

தப்பு. திடப்படுத்தல் எடுக்காதவர்களுக்கு, அதாவது வகுப்பு முடித்துச் சபையில் முழு உறுப்பினராகாதவர்களுக்கு, அப்பம் கிடையாது. அந்த வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு என்ஜினியரிங் கோச்சிங் போனவன் நான். அக்கா குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் காலர் மைக் ஆனில் இருந்தது.

"நீ இன்னும் திடப்படுத்தல் எடுக்கலடா தம்பி. ஜெபம் பண்றேன், போய் உட்காரு."

தலையில் கை வைத்து ஜெபித்தாள். காது எரியத் திரும்பி வந்தேன். முன்வரிசையில் செயலர் பக்கத்து ஆளிடம், "சொந்தத் தம்பிக்கே இல்லைன்னுட்டாங்க" என்று முணுமுணுத்தார். பிறகு எழுந்து போய் மண்டியிட்டுக் கையை நீட்டினார். அவர் பின்னால் வரிசை நகர்ந்தது. நான்கு பேர் கடைசிவரை எழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே டீ கொடுத்தார்கள். செயலரிடம் நேராகவே கேட்டேன், கடிதம் போகுமா என்று.

"எதுக்குங்க? தம்பிக்கு ஒரு முறை, சபைக்கு ஒரு முறைன்னு நடத்தலயே" என்றார்.

நீங்கள் போவதானால் 7.45க்குள் போங்கள், பின்வரிசையில் மின்விசிறி இல்லை. திடப்படுத்தல் எடுக்காதவர்கள் தயவுசெய்து உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். திரும்ப டோல்கேட் வரை பஸ் கிடைக்கிறது.

பெண்கள் ஆயராகலாமா என்று இனி யாரோடும் வாதாடப் போவதில்லை. அக்கா ஒரு வார்த்தைகூட வாதாடாமல் முடித்த வேலை அது. அன்று செயலர் டீ டம்ளரோடு நோட்டையும் நீட்டினார், திடப்படுத்தல் வகுப்பில் பெயர் எழுத. எட்டு வார வகுப்பு, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஆயரே எடுக்கிறார். எட்டு வாரத்துக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன்.