இரசாயனவியலுக்கு ஒரு பருத்திக் கோட்டு

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு நான் ஒரு விஞ்ஞானியாகிவிட்டேன். உயர்தர இரசாயனவியல் வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆவர்த்தன அட்டவணையைக் குசினிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்து, ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகிய அதே இராகத்தில், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, ஐதரசன், ஈலியம், இலிதியம் என்று பாடமாக்கினேன். உம்மா உப்பு எடுத்துத் தரச் சொன்னால், "சோடியம் குளோரைட்டா?" என்று கேட்பேன். உம்மா பொறுமைசாலி. "ஓம் மகள், அதுதான். ரெண்டு கரண்டி எடு" என்பார்.

படிப்பில் நான் குறை வைக்கவில்லை. உடுப்பில்தான் இடறியது. ஆய்வுகூடத்துக்கு முழங்காலை மறைக்கும் வெள்ளைக் கோட்டு வேண்டும், அது பருத்தியாகவே இருக்க வேண்டும், இல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று கல்லூரியில் தந்த தாளில் இருந்தது. கல்முனைக் கடைகளில் கிடைத்ததெல்லாம் பொலியெஸ்டர். நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளுமாம். தையல்காரரோ பெருநாள் தைப்பு முடியட்டும் என்று கைவிரித்துவிட்டார். அதற்குள் மாதம் ஓடிவிட்டது, வகுப்பு வரும் திங்கட்கிழமை. முதல் நாளே வெளியே நிற்பதை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை உம்மா, தன் தங்கையான சாச்சியோடு கொழும்புக்குப் போனார். சொந்தத்தில் ஒருவருக்குச் சுகமில்லை, பார்த்துவிட்டு வருகிறோம் என்றார். வாப்பா சவளக்கடை வயலில் அறுவடையோடு நின்றார். கேட்க ஆளில்லாத வீட்டில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. உம்மாவின் அலுமாரியைக் கிளறினேன். அடித்தட்டில், பழைய சேலைகளுக்குக் கீழே, பொலித்தீனில் சுற்றிய வெள்ளைத் துணி ஒன்று கிடந்தது. நல்ல நீளம், தையலே இல்லை, அத்தர் மணம் வேறு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். உருகவில்லை, கடதாசி போல எரிந்து சாம்பலானது. பருத்திதான். என்னுடைய முதல் இரசாயனப் பரிசோதனை வெற்றி.

அதுவரை நான் மெஷினில் தைத்தது தலையணை உறைகள் மட்டும்தான். இருந்தாலும் பள்ளிக்கூடச் சட்டையை மேலே விரித்து அளவெடுத்து, கத்தரிக்கோலை வைத்தேன். சனிக்கிழமை பின்னேரத்துக்குள் கைகள் இரண்டும் ஏறிவிட்டன, காலரும் கோணலாக நின்றது.

அப்போதுதான் அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மெஷினில் கிடந்ததைச் சாச்சிதான் முதலில் கண்டார்.

"அடியே, என்ன வேல பாத்துவெச்சிருக்காய். இது உம்மாட கபன் புடவடி. போன வருஷம் உம்றாவுக்குப் போனப்ப மக்காவுல வாங்கி, சம்சம் தண்ணியில நனைச்சிக் காயவெச்சிக் கொண்டந்தது."

மௌத்தானால் உம்மாவின் உடலைப் பொதிந்து அடக்குவதற்கென்று வைத்திருந்த துணி. தையலே விழக்கூடாத துணியில் நான் காலரும் பையும் வைத்திருந்தேன்.

"வேற ஒண்டு வாங்கலாந்தானே உம்மா" என்றேன், அழுகையோடு.

உம்மா பயணக் களையோடு கதிரையில் இருந்தார். கோட்டை மடிக்கு இழுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாச்சியின் பக்கம் திரும்பினார்.

"உட்டுடு. மௌத்து வாற நாள் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இவள்ற வகுப்பு திங்கக்கிழம எண்டு எல்லாருக்கும் தெரியும்."

சாச்சி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். ஒரு துணிக்காக இப்படியும் ஒருவர் அழுவாரா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

உம்மா அன்றைக்கே காலரைப் பிரித்து நேராகத் தைத்துத் தந்தார். திங்கட்கிழமை நான் ஆய்வுகூடத்துக்கு உள்ளேதான் நின்றேன்.

கொழும்பில் சுகமில்லாதிருந்த அந்தச் சொந்தக்காரர் உம்மாவேதான். இனி மறைக்க முடியாது என்றான பிறகு, அடுத்த வருடம்தான் எனக்குச் சொன்னார்கள். வேறு கபன் புடவை அவர் வாங்கி வைக்கவில்லை. கடைசியில் சாச்சிதான் கல்முனையில் ஒரு கடையில் வாங்கி வந்தார். என் கோட்டில் அப்போது அமிலம் பட்ட ஓட்டைகள் மூன்று இருந்தன.

நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி எதற்காகத் தன் கபனை ஆயத்தமாக வைத்திருக்கிறாள் என்று அந்தச் சனிக்கிழமை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டது, பொத்தான் நான்கு வைப்பதா ஐந்து வைப்பதா என்பதுதான்.