ஐந்தாவது ஆள்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பொலிஸ் பதிவின்படி நான்கு பேர் இருந்தோம். உண்மையில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் விசாவுக்காக வவுனியாவிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி. அது யுத்த காலம். தமிழர் வீடுகளில் தங்கியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு படிவம் நிரப்பிப் பொலிசில் கொடுக்க வேண்டும். "ரெண்டு கிழமையில போயிடுவான், ஏன் வீண் கரைச்சல்?" என்று அம்மா அவரைப் பதியவில்லை. அந்த இரண்டு கிழமை மூன்று மாதமாகியிருந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது. கம்ப்யூட்டர் டியூஷனில் கிளாஸ், ஒப்ஜெக்ட் என்று தொடங்கியிருந்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் சேர் அந்தப் பொலிஸ் படிவத்தையே உதாரணம் காட்டினார். வெற்றுப் படிவம்தான் கிளாஸ். என்னென்ன விவரம் வேண்டும் என்று மட்டும் அது சொல்லும், அதில் ஆள் இல்லை. ஒருவருடைய விவரத்தைப் போட்டு நிரப்பினால் அது ஒப்ஜெக்ட். உங்கள் குடும்பத்தை இப்படி ஒரு புரோகிராமாகச் செய்துகொண்டு வாருங்கள் என்றார்.

நான் கெட்டிக்காரி. பெயர், வயது, உறவு போதாதென்று ‘படுக்கும் இடம்’ என்று ஒன்றையும் சேர்த்தேன். ஐந்து பேரையும் உண்டாக்கி, பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை பொலிஸ் செக்கிங் வந்தது. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து இப்போதுதான் வந்தவர், பின்னேரம் போய்விடுவார் என்று அம்மா சிங்களத்தில் சொன்னார். தலையாட்டிவிட்டுத் திரும்பிய அதிகாரியின் கண்ணில் என் தாள் பட்டது. இது என்ன என்று என்னைக் கேட்டார். வீட்டில் யாருமே கேட்காததைக் கேட்டாரே என்ற சந்தோஷப் புளுகத்தில் வரிவரியாக விளக்கினேன். ஐந்தாவது வரியில் மாமா, படுக்கும் இடம் ஹோல். "ஷோக்" என்று மெச்சி, தாளைத் திரும்ப வைத்தார். பிறகு மாமாவைக் கை கழுவிக்கொண்டு கூட வரச் சொன்னார்.

அம்மா எனக்கு அடிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாம் அந்த ஒரு வரியால் வந்தது என்று மட்டும் தெரிந்தது. தாளைக் கிழித்தேன். கம்ப்யூட்டரில் மாமாவின் வரியை அழித்துவிட்டு மறுபடி இயக்கினேன். நான்கு பேர், பிழையில்லாமல் வந்தது.

திங்கட்கிழமை அப்பா பொலிசுக்குப் போனார். அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்களாம். உங்கள் பதிவில் நான்கு பேர்தானே, இன்னொருவர் அங்கே இருந்ததற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார்களாம்.

திரும்பி வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளை, உன்ர அந்தப் பேப்பர் எங்க?"

"கிழிச்சிட்டன் அப்பா. கம்ப்யூட்டரிலயும் மாமாவை அழிச்சிட்டன். இனி ஆர் வந்து பாத்தாலும் நாலு பேர்தான்."

அப்பா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். மாமா இன்றுவரை வரவில்லை. அன்றைக்கு நான், கெட்டிக்காரி என்று அப்பா சொல்வார் என்று, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.