கொட்டுங்க அக்கா

“கொட்டுங்க.”

என் தோல்பை மேசைமேல் கவிழ்கிறது. பல் பிடுங்கும் இடுக்கிகள், சின்னக் கண்ணாடி, மருந்துச் சீசாக்கள், மனைவி கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு எல்லாம் ஊர் பார்க்க உருண்டு கிடக்கின்றன. அவர் பையின் உட்புறத்தை வெளியே இழுத்து, மூலைகளை விரலால் நெருடிப் பார்த்து, இரண்டு தட்டுத் தட்டுகிறார். பிறகு என் காலைப் பார்க்கிறார். “ஷூவைக் கழட்டுங்க டாக்டர்.” தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்றை எடுத்து அடிப்பக்க வரிகளில் சிக்கிய மண்ணை ஒரு தட்டில் சுரண்டுகிறார். “பல் டாக்டர் ஷூவுக்கே பல் தேய்ச்சு விடறது உலகத்துல நான் ஒருத்திதான்” என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொள்கிறார். இந்த ஜோக்கை வாராவாரம் கேட்கிறேன். முதலில் எரிச்சல் வந்தது. இப்போது அவர் சொல்ல மறந்தால் நானே எடுத்துக்கொடுக்கிறேன்.

நான் தீவு மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை போகிற பல் மருத்துவன். அவர் படகுத்துறையில் தீவுக்குப் போகும் சாமான்களைச் சோதிப்பவர். வயது ஐம்பதை நெருங்கும். கட்டையான உருவம், கணீர்க் குரல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. விதை ஒட்டிக்கொள்ளும் என்று தலைமுடியை ஒரு இழை பிசகாமல் இழுத்துக் கட்டியிருப்பார். அதே காரணத்துக்காக நாடாவைத்த ஷூவும் போட மாட்டார், ரப்பர் செருப்புதான். வேலைக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. துறையில் எல்லோருக்கும் அவர் ‘கொட்டுங்க அக்கா’.

அவர் எதற்காக இத்தனை கெடுபிடி செய்கிறார் என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். தீவில் ஒரு கடற்பறவை இருக்கிறது. மரத்தில் கூடு கட்டாது, மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்திறங்கிய எலிகள் முட்டையையும் தின்றன, குஞ்சையும் தின்றன. பறவை வருவதையே நிறுத்திவிட்டது. தீவு ஜனங்களும் வனத்துறைக்காரர்களும் சேர்ந்து வருஷக்கணக்காகப் பாடுபட்டு எலியை ஒழித்தார்கள். இப்போதுதான் பறவை ஒன்றிரண்டாகத் திரும்பி வருகிறது. “ஒரு மூட்டையில ஒரே ஒரு கர்ப்பிணி எலி போனாப் போதும் டாக்டர். அத்தனை பேர் உழைப்பும் அதோட வயித்துல. விதையும் சும்மா இல்ல. இந்த ஒட்டுப்புல் அங்க முளைச்சா வளை வாயை மூடிடும். பறவை வீட்டுக்கு வந்து கதவைத் தேடிட்டு நிக்கும்.”

அந்தப் பறவையை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “போட்டோவுல. குண்டா, சாம்பல் கலர்ல, மூஞ்சில ஒரு கோபத்தோட இருக்கும். அசல் எங்க மாமியார்!” தீவில் அவர் கால் வைத்ததே இல்லை. கணவர்தான் படகோட்டி; ஏறி உட்கார்ந்தால் போய்விடலாம். “நான் போயிட்டா மேசையில யாரு உக்காருவா?” என்பார். அந்தப் பக்கம் கணவர் நேரமாகிவிட்டதென்று ஹாரனை அடித்துத் தள்ளுவார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வீட்டிலும் இதே நிலைமைதான் என்று அந்த மனிதர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. யாரிடமாவது விதையோ பூச்சியோ அகப்பட்டால், அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டுவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வர வேண்டும். தீவின் தலைவரே சட்டைப் பையில் எறும்போடு வந்து கடைசிக்குப் போயிருக்கிறார். அக்கா தப்புச் செய்ததும் உண்டு. ஒரு குழந்தையின் கூடையிலிருந்து சாவி கொடுத்த பொம்மை எலி சர்ரென்று ஓட, அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். வனத்துறை ஆள் வரும்வரை எழுந்திருக்கவில்லை. படகு நின்றது, நாங்களும் வெயிலில் நின்றோம். உண்மை தெரிந்தபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஓடுச்சா இல்லையா? ஓடினா எனக்கு எலிதான்” என்று உர்ரென்ற முகத்தோடு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

விடுமுறை நாட்களில் கல்லூரிப் பிள்ளைகள் உதவிக்கு வருகிறார்கள். முதலில் சான்றிதழுக்காக வந்தவர்கள்தான். பாதிப் பேர் வெயிலைப் பார்த்துக் காணாமல் போனார்கள். மீதிப் பேர் அக்காவிடம் திட்டு வாங்கியே ஒட்டிக்கொண்டார்கள். “கையை விடாம கண்ணால மட்டும் பார்த்தா அது சோதனை இல்ல கண்ணு, வேடிக்கை” என்று சொல்லிக்கொடுப்பார். சாக்குமூட்டையில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த மளிகைக்காரரை இந்தப் பிள்ளைகளும் அக்காவும் மாற்றி மாற்றிப் போய் அரித்தெடுத்தார்கள். மனிதர் தொல்லை தாங்காமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறினார். இப்போது சரக்கு நனைவதில்லை என்று அவரே ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்.

இவ்வளவு கறாரான மனுஷி, தன் வீட்டுச் சாமானில் கோட்டை விட்டார்.

அக்காவின் ஒரே மகளுக்குத் தீவுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. குடித்தனச் சாமான் இரண்டு நடையாகப் போவதாக ஏற்பாடு. முதல் நாள் கட்டிலும் அட்டைப்பெட்டிகளும் மகளும். அன்றைக்கு அக்கா சோதனைக்காரராக இல்லை, வெறும் அம்மாவாக இருந்தார். அழுதார், மூக்கைச் சிந்தினார், ஊறுகாய் பாட்டிலைச் சாய்க்காமல் வைக்கச் சொன்னார். பெட்டிகளைத் தட்டிக்கொடுத்து ஏற்றி அனுப்பிவிட்டார். ஒன்றைக்கூடக் கொட்டவில்லை.

மறுநாள் சோபா வந்தது. நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண், அக்கா சொல்லிக்கொடுத்தபடியே அதைக் குப்புறக் கவிழ்த்தாள். அடித்துணியில் ஓட்டை. உள்ளே கையை விட்டவள் கொத்தாகக் கடித்த துணியையும் எலிப் புழுக்கையையும் வெளியே எடுத்தாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. என் பையிலிருந்த கத்தியை வாங்கி, தானே பார்த்துப் பார்த்து வாங்கிய சோபாவைத் தானே நீளமாகக் கிழித்தார். உள்ளே கூடு இருந்தது. எலி இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சோபா பிடிபட்டது, அக்காவின் கண்டிப்பு ஜெயித்தது என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டு போயிருப்போம். ஆனால் அக்கா பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

“எல்லாரும் கேளுங்க. நேத்துப் போன பெட்டியெல்லாம் இந்த சோபா பக்கத்துல, எங்க கொட்டகையிலதான் கிடந்துச்சு. நான் ஒண்ணையும் திறந்து பார்க்கல. நம்ம வீட்டுச் சாமான்தானேன்னு விட்டுட்டேன். எலி அதுல போயிருக்கலாம். தீவுக்கு உடனே போன் போடுங்க.”

படகிலிருந்து கணவர் கையை ஆட்டினார். “மெல்லப் பேசேன்! பொண்ணு அங்க முதல் நாள் வேலைக்குப் போயிருக்கு. மானம் போகுது!”

“மானத்தை எலி தின்னாதுங்க. முட்டையைத்தான் தின்னும்.”

எனக்கு அந்த நிமிஷம் அவர் காலைத் தொட வேண்டும்போல இருந்தது. வெட்கத்தில் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தீவில் மகளின் பெட்டிகளை ஒரு அறையில் பூட்டி, பொறி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் களத்தில் இறங்கினார்கள். வேர்க்கடலை விழுது கலந்த மெழுகுக் கட்டிகளைச் செய்து, வீட்டோரம், பாறை இடுக்கு, வளைகளின் பக்கம் என்று தீவு முழுக்கக் குச்சியில் குத்தி வைத்தார்கள். எலி இருந்தால் வாசனைக்கு வந்து கடிக்கும். மெழுகில் பல் தடம் விழும். தினமும் பள்ளி விட்டதும் கட்டிகளைப் பார்த்து வருவது அவர்கள் வேலை. அம்மா செய்த வேலையால் பிள்ளைகள் புது டீச்சருக்கு ‘எலி டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகளுக்கு ஆத்திரம். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் போனில் ஒரு மெசேஜ் மட்டும் வரும்: ‘தடம் இல்லை.’ அக்கா அதை மேசையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டுவார். ஆனால் பாதியாக இளைத்துவிட்டார். என் ஷூவுக்குப் பல் தேய்க்கும் ஜோக்கும் நின்றுபோயிற்று.

ஒரு நாள் தீவில் நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஒரு டப்பாவோடு உள்ளே ஓடிவந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள். “டாக்டர், உங்களுக்குப் பல்லு தெரியுமே, இதைப் பாருங்க.” டப்பாவுக்குள் மெழுகுக் கட்டி. ஓரத்தில் கடித்த தடம்.

விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். எலியின் முன்பல் என்றால் உளி வைத்த மாதிரி ஒடுங்கிய இரட்டைக் கோடு விழும். இது அகலமாக இருந்தது. நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி வேறு. போன வாரம்தான் அந்த இடைவெளியை நான் உண்டாக்கியிருந்தேன். கூட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த குட்டிப் பெண்ணைக் கூப்பிட்டேன். “வாயைத் திற பார்க்கலாம்.” கட்டியைப் பல்லோரம் கொண்டுபோனேன். அச்சாகப் பொருந்தியது.

“கடலை வாசம் அடிச்சுது” என்றாள் அவள், அழத் தயாராக.

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் குரல் வெளியே எனக்கே கேட்டது: “ஐயோ, அந்தக் குழந்தை மெழுகை முழுங்கிடுச்சா? வயித்து வலி ஒண்ணும் இல்லையே?” மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள்.

கொஞ்ச நாளில், இனி பயமில்லை, தீவில் எலி இல்லை என்று வனத்துறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்குப் பின்னாலுள்ள மேட்டில், பல வருஷத்துக்கப்புறம் முதல் குஞ்சு பொரித்திருந்தது. பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். ‘நீ வந்து பாரும்மா’ என்று மகள் ஒரு ஜோடி ஷூ வாங்கி அனுப்பினாள். பாறையில் ரப்பர் செருப்பு வழுக்குமாம்.

போன வாரம் அக்கா எனக்கு முன்னால் வரிசையில் நின்றார், பிரயாணியாக. நாடாவைத்த புது வெள்ளை ஷூ. மேசையில் அந்தக் கண்ணாடி போட்ட பெண். அவள் வாயைத் திறக்குமுன் அக்கா தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். அவள் மூலைமூலையாக நெருடினாள், ஷூவின் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்தாள், “சரிக்கா, ஏறுங்க” என்றாள். கணவர் கைகொடுக்க நின்றார். படகுக்குப் போகும் பலகையில் ஒரு காலை வைத்த அக்கா, என்ன தோன்றியதோ, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு ஷூவின் நாடாவை அவிழ்த்து நாக்கை வெளியே இழுத்தார். உட்புறத்தில் ஒரே ஒரு ஒட்டுப்புல் விதை. வீட்டிலிருந்து துறைக்கு நடந்த வழியில் ஒட்டியிருக்க வேண்டும்.

“ஐயோ அக்கா, நான் பார்க்கலையே” என்றாள் அந்தப் பெண்.

“அதான் எடுத்தாச்சே, ஏறு! உனக்காகத்தான் நிக்கிறேன்!” என்று கணவர் ஹாரனை அழுத்தினார்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. விதையை ஜாடிக்குள் போட்டார். பையை எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டி, மளிகைக்காரரின் டப்பாக்களைத் தாண்டி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, குனிந்து, தன் மற்ற ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.