மூடின கதவு வழியாகப் போன பேய்

அந்தச் சனிக்கிழமை காலை நடந்த பேச்சு இவளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. பேச்சு என்றால் இரண்டு பேர் பேசியதாகத் தோன்றும். பேசியது இஸ்திரி அக்கா. இவள் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"நேத்து பேய் சீரியல் பாத்தியாடி?"

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டுமா இப்படிக் கல்லு மாதிரி நிக்கிற? எனக்குக் காலையில டீ கூட உள்ள இறங்கல. தூ!"

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று உதறி, பாதியாக்கி, ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மெஷின்கள் போடுகிற சத்தத்தில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. அதனால் அக்கா கிட்டே வரும்போது ஒரு வாக்கியம் சொல்வாள், விலகிப் போவாள், அடுத்த முறை வரும்போது மிச்சத்தைச் சொல்வாள். கேட்கிறவளுக்குக் கோபம் தவணை தவணையாக வந்து சேரும்.

"மூணு சீசனா அந்த அம்மாப் பேய், யாராவது கதவைத் திறந்து விட்டாத்தான் அடுத்த ரூமுக்குப் போகும். முதல் நாளே சொல்லிட்டானுங்க."

"ஆமாக்கா."

"பெத்த பொண்ணு தீக்குள்ள மாட்டிக்கிட்டப்போகூடக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்திச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீயும்தான அழுத?"

"அழுதேன்க்கா."

"நேத்து எப்படிப் போச்சு? மூடின கதவு வழியா, பஸ்லருந்து இறங்கிப் போற மாதிரி சாவகாசமாப் போகுது! யார் திறந்தா? சொல்லு, யார் திறந்தா?"

"யாரும் திறக்கல."

"அப்போ நம்ம காதுல பூ சுத்துறானுங்க. அந்த ரத்தக்கறைய வேற அந்தப் பொண்ணு எப்படித் துவைச்சா பாத்தியா? கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல! ரத்தத்தை வெந்நீர்ல போட்டா அது துணியைக் கல்யாணம் பண்ணிக்கும்டி. அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் பிரியாது. பச்சைத் தண்ணியில போடணும்னு இங்க நேத்து வேலைக்கு வந்தவளுக்குத் தெரியும். அவனுங்களுக்குத் தெரியல."

"ஒண்ணுமே நல்லா இல்லையாக்கா?" இவளாகக் கேட்டது அந்த ஒன்றுதான்.

அக்கா கையிலிருந்ததை இறக்காமல் கொஞ்சம் யோசித்தாள். "பேயா வர்ற அந்தப் பொம்பளை நல்லாத்தான் நடிச்சா. பொண்ணு தூங்கறப்ப முடியக் கோதிவிடப் போயி, கை படாதுன்னு தெரிஞ்சு கையைப் பின்னால இழுத்துக்கிட்டா பாரு, அங்க நான் அழுதேன். இல்லேங்கல. ஆனா அழ வச்சிட்டா நல்ல கதையா? வெங்காயங்கூடத்தான் அழ வைக்குது."

பச்சை விரிப்பு மேஜைக்குப் போயிற்று. அடுத்ததை உதறினார்கள்.

"கடைசில பொண்ணு, அந்த மகராசி, என்ன பண்ணினா? வீட்டை வித்தா. சாவியை எவன் கையிலயோ குடுத்தா. திரும்பிக்கூடப் பாக்காம நடந்தா. பெத்தவ உள்ள நிக்கிறா! இதுக்குப் பேரு விடுதலையாம். பாட்டு வேற போடறான். அசிங்கம் புடிச்சவனுங்க."

அந்தக் கடைசி வார்த்தை மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. உலர்த்தி மெஷினில் துணி அள்ளிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, தன்னை இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

இஸ்திரி அக்கா அந்தக் கூடத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இஸ்திரிப் பெட்டியெல்லாம் போய் உருளை மெஷின் வந்து வெகு காலம் ஆன பிறகும் பெயர் மாறவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள் ஏணிப்படி போல ஏறியிருக்கும். ஒரு மூட்டையைப் பிரிக்காமலே, தூக்கிப் பார்த்து எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். எதுவும் அவளுக்கு அரைகுறையாகப் பிடிக்காது. பிடித்தால் தலையில் வைத்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளித்து ஒரு "தூ!" போடுவாள். புது சோப்பு, சூப்பர்வைசரின் சென்ட், கேன்டீன் காபி என அந்த "தூ!" வாங்காத பொருள் அங்கே குறைவு. கட்டினவர் எப்போதோ விட்டுப் போயிருந்தார். அவருக்கும் ஒன்று போட்டுவிட்டு அந்தப் பேச்சை அக்கா முடித்துவிட்டிருந்தாள்.

இவள் அங்கே துணிமூட்டைகளுக்குத் தமிழிலும் அந்த ஊரில் புழங்கும் இன்னொரு மொழியிலும் சீட்டு எழுதி ஒட்டுகிற பெண். மடிப்பு மேஜையில் ஆள் குறையும்போது முனை பிடிக்கவும் அனுப்புவார்கள். அதிகம் பேசமாட்டாள் என்பதால் அக்கா வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பேய் சீரியல் அந்த இன்னொரு மொழியில் வரும், அடியில் தமிழ் எழுத்தாக ஓடும். தமிழ் வேகமாக ஓடிவிடும் என்று அக்காவுக்குக் குறை. "அந்த இடத்துல அவ என்னடி சொன்னா?" என்று மறுநாள் கேட்பதற்காகவே இவளையும் பார்க்க வைத்திருந்தாள்.

அக்கா அந்தச் சீரியலை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அக்கா சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இவளே தெரிந்துகொண்டாள்.

அக்காவுக்கு ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன் வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று பெட்டியோடு கிளம்பினாள். அக்கா வாசலில் நின்று, "போனா போனதுதான். இந்தப் படி மிதிக்காதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். எட்டு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் மகளிடமிருந்து போனில் ஒரே ஒரு வரி வந்தது: 'இந்தப் பேய் சீரியல் பாரும்மா. அதுல வர்ற அம்மா அப்படியே நீதான்.' அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திட்டுவதற்கு முன் பார்த்துவிட்டுத் திட்டலாம் என்று பார்த்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தானே போன் போட்டாள். "அது எப்படி என்ன மாதிரி? அவளுக்கு மூக்கே வேற."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீரியல், சனிக்கிழமை ஒரு மணிக்கு மகளின் போன். பத்து நிமிஷம். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சீசன் முடிந்து மாதக்கணக்கில் சீரியல் வராதபோது போனும் வராது. அந்த மாதங்களில் அக்காவின் டப்பாவில் பாதிச் சாப்பாடு மிஞ்சும். இப்போது சீசன் மட்டுமல்ல, சீரியலே முடிந்துவிட்டது.

காலை மடித்தவை அறுவை சிகிச்சை அறைக்கான விரிப்புகள். அவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய துளை இருக்கும். அவற்றைக் கடைசியில் இரண்டு பக்கமும் விசிறி போல மடித்துக்கொண்டே வந்து, துளை மேலே தெரியும்படி முடிக்க வேண்டும். அங்கே துளையை நோயாளிமேல் சரியாக வைத்து, வேறெங்கும் கை படாமல் இரண்டு பக்கமும் பிரித்துவிடுவார்கள். அக்கா இதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். அன்றைக்குக் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அது பார்த்துக்கொண்டிருந்தது மூடின கதவை.

பன்னிரண்டரை மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.

"இஸ்திரிம்மா, இதென்ன? நாப்பதும் துளை உள்பக்கம் போயிருக்கு. நீங்க மடிச்சதா, வேற யாராவதா?"

அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த "தூ!" தன் கைமேலேயே விழுந்தது.

"நான்தாங்க. பேய் புடிச்சிருச்சு."

"ஒன்றரைக்குள்ள வேணும். இன்னும் நீராவியில போட்டு எடுக்கணும்."

"தரேன். நீங்க போங்க."

சுத்த மேஜைக்குப் போகிறவர்கள் போனை வாசல் தட்டில் வைத்துவிட்டு, முழங்கை வரை கை கழுவி, மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே ஒரு தடவை வந்தால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. இரண்டு பேரும் அப்படி உள்ளே போய்ப் பதினேழு முடித்திருந்தபோது தட்டில் போன் அடித்தது. அக்காவின் கை நின்றது. மேஜையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீ போய் எடு. அம்மா வேலையா இருக்கான்னு சொல்லு. பாத்தாளா, என்ன நினைக்கிறான்னு கேளு." பிறகு அவசரமாக, "நான் திட்டினேன்னு சொல்லு. அவளும் திட்டுவா, பாரு."

அடுத்தவருடைய போனை எடுத்துப் பேசி இவளுக்குப் பழக்கமில்லை. எடுத்தாள்.

"அம்மா, நேத்து—"

"அக்கா கை வேலையா இருக்காங்க. நான் கூட வேலை செய்றவ."

"ஓ, ஊமைக்கோட்டானா?" அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அம்மாவுக்காக சீரியல் பாக்குறது நீங்கதான? அம்மா என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. கதவு மூடியிருந்துச்சு, எப்படிப் போச்சுன்னு."

"அதச் சொல்வாங்கன்னு தெரியும். வெந்நீரயும் விட்டிருக்க மாட்டாங்க."

"விடல."

மறுபடி சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. "எனக்குப் பிடிச்சிருந்துதுங்க. அந்தப் பொண்ணு சாவியைக் குடுத்துட்டுப் போறப்போ அந்த அம்மா கோபப்படல பாருங்க. வாசல்ல நின்னு, அவ போறதப் பாத்துச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்ப நான் நாலு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன்."

'அதையே உங்க அம்மாகிட்ட சொல்லுங்க' என்று சொல்ல இவள் வாயெடுத்தாள்.

"முடிஞ்சுபோச்சு இல்ல," என்றாள் மகள். "இனிமே சனிக்கிழமை என்ன பேசறது?"

"சும்மாவே..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"சரிங்க, உங்களுக்கு வேலை இருக்கும். வச்சிடறேன்."

திரும்பக் கை கழுவி, மேலங்கி போட்டு மேஜைக்கு வந்தபோது, விசிறி மடிப்பை மட்டும் தனியாகவே மாற்றி அக்கா இருபத்தொன்பது முடித்திருந்தாள். அக்கா நிமிரவில்லை. "என்ன சொன்னா? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு. நீயா எதையும் சேக்காத."

நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று இவள் நினைக்காமல் இல்லை. ஆனால் மூன்று சீசனாக இருந்த ஒரு சட்டத்தைக் கதை மீறியதற்கு இவ்வளவு கொதித்தவளிடம் இட்டுக்கட்டிச் சொல்ல நாக்கு எழவில்லை. கேட்டதை வரிசையாகச் சொன்னாள்.

"பிடிச்சிருக்காமா?" அக்காவின் உதடு கோணியது. "சீ! நல்லாப் பிடிக்கும். சாவியைக் குடுத்துட்டுப் போறவளுக்கு அது பிடிக்காம வேற என்ன பிடிக்கும்?" விரிப்பைப் பட்டென்று உதறினாள். இரண்டு மடிப்புப் போனது. மூன்றாவதில் நின்றாள். "சிரிச்சாங்கன்னாளே, யாரு சிரிச்சா?"

"அம்மாப் பேய்க்கா. கடைசில. கதவைத் தாண்டி வந்து வாசல்ல நின்னு."

"எப்போ?"

"நீங்க பாக்கலையா?"

அக்கா கொஞ்ச நேரம் துளையின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "கதவு வழியாப் போச்சு பாரு, அப்பவே டிவிய அணைச்சிட்டேன்."

இவளுக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டியது. காலையிலிருந்து நாற்பது விரிப்பைப் பாழாக்கிய கோபம், கடைசி இரண்டு நிமிஷத்தைப் பார்க்காத கோபம்.

"எப்படிச் சிரிச்சா?"

"பல்லு தெரியாமக்கா. பொண்ணு தெரு முனை திரும்பற வரைக்கும்."

"கோபம் இல்லையா மூஞ்சில?"

"இல்ல."

"ஏமாத்து வேலை," என்றாள் அக்கா. "எந்தப் பெத்தவளுக்கு அப்படிச் சிரிப்பு வரும்? எழுதினவனுக்குப் புள்ளைங்களே இருக்காது." சொன்னாளே தவிர, வழக்கமான "தூ!" வரவில்லை. மேலங்கிக் கையால் மூக்கைத் துடைக்கப் போய், சுத்த மேஜை என்று ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டாள்.

நாற்பதும் ஒன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. துளைகள் எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. தியேட்டர் சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தொடாமல் எண்ணிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். இவள் மேலங்கியைக் கழற்றி மாட்டும்போது அக்கா பின்னாலேயே வந்து நின்றாள். போன் கையில் இருந்தது, திரை அணைந்திருந்தது.

"இனிமே என்ன பேசறதுன்னு கேட்டாளா?"

"கேட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்ன?"

"சொல்றதுக்குள்ள வச்சிட்டாங்க."

அக்கா தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக ஊமைக்கோட்டான், 'டி' எதுவும் இல்லாமல் இவளிடம் ஒன்று கேட்டாள்.

"கண்ணு, உனக்குத்தான் ரெண்டு மொழியும் தெரியுமே. தேடிப் பாத்து எனக்கு இன்னொரு சீரியல் கண்டுபிடிச்சுத் தா. பேயோ பிசாசோ எதுவா இருந்தாலும் சரி. இத விடக் கேவலமா இருந்தாலும் பரவாயில்ல. சீக்கிரம் முடியாததாப் பாரு."