அத்தையின் நாவலும் சரஸ்வதி பூஜையும்

இப்போது ஆக்லாந்துப் புத்தகக் கடைகளில், நம்மூர்ச் சாயலில் குழந்தைகள் அட்டைப்படத்தில் சிரிக்கும் கதைப் புத்தகங்களுக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. எல்லர்ஸ்லியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில், போன மாதம் என் தோழி தன் மகளுக்கு அப்படி ஒன்றை வாங்கினாள். "நாம படிச்ச காலத்துல இந்த மாதிரி ஒண்ணுகூட இல்லையே" என்று அங்கலாய்த்தாள். ஒன்று இருந்தது. என் அத்தை எழுதியது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், அது என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவள். நாங்கள் வந்த பிறகு நியூ லின்னில் எங்களோடேயே இருந்துகொண்டு, ஒடாஹுஹுவில் ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போய்வந்தாள். ரயிலில் போகவர நோட்டில் எழுதியே, மூன்று வருடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சிறுவர் நாவலை முடித்துவிட்டாள். கணவனும் மனைவியுமாக வீட்டிலேயே பதிப்பகம் நடத்திய இரண்டு பேர் அதைப் புத்தகமாகப் போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் வாங்கினால் அடுத்ததையும் போடுகிறோம் என்றார்கள். அடுத்தது பாதி எழுதி முடிந்திருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பள்ளி நூலகருக்குப் புத்தகம் மிகவும் பிடித்துப்போயிற்று. அத்தையே வந்து பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அக்கம்பக்கத்துப் பள்ளி நூலகர்களையும் கூப்பிடுகிறேன் என்றார். அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

காரணம் இரண்டாம் அத்தியாயம். அதில் வரும் பெண் தினமும் மதியச் சாப்பாட்டை டப்பாவோடு கொண்டுபோய், விளையாட்டுச் சாமான் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வருவாள். தயிர்சாதத்தைப் பார்த்து மற்ற பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்களே என்ற பயம். அது நான்தான். அந்த விஷயத்தை அத்தை ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். எங்கள் பள்ளியில் கொட்டகை ஒன்றுதான், தயிர்சாதம் கொண்டுவருகிறவளும் நான் ஒருத்திதான். என் வகுப்பில் யாருக்குப் புரியாமல் போகும்?

"அத்தை, அந்த சாப்டர் மட்டும் படிக்காதீங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினேன்.

"அதுலதாண்டி கதையே இருக்கு" என்று சிரித்துவிட்டாள். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

வழி காட்டியது அம்மாதான், அவளை அறியாமல். நூலகர் குறித்த நாள் பார்த்துப் பார்த்து சரஸ்வதி பூஜையன்று வந்திருந்தது. "அன்னைக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாதே" என்று அம்மா இழுத்தாள். எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்தான் எடுப்போம். "எழுதினவளையே சரஸ்வதி கோவிச்சுக்குவாளா அண்ணி? ஒரே ஒரு காப்பிய மட்டும் வெளிய வச்சுக்கறேன்" என்று அத்தை சமாதானம் சொல்லிவிட்டாள்.

பூஜைக்கு முதல் நாள் காலை, என் வகுப்பு ஆசிரியையிடம் போய், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன். நாளைக்கு எங்களுக்குப் புனித நாள், புத்தகத்தைத் தொட்டால் பெரிய பாவம், அத்தை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சம்மதித்துவிட்டாள், வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். கடைசியில் சொன்னது நானே சேர்த்தது. ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பழக்கவழக்கத்தை மதிக்கத் தவறிவிட்டோமே என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மாலை நான்கு மணி இருக்கும். அத்தை அன்று லீவு போட்டிருந்தாள். மறுநாள் கட்டப்போகும் மாம்பழ நிறப் பட்டுப்புடவையை ஹாலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஆசிரியையின் குரல். தெரியாமல் நாள் குறித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். மற்ற நூலகர்களுக்கும் சொல்லி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அடுத்த வருடம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு, "உங்கள் அண்ணன் மகள் எவ்வளவு நேர்மையாக வந்து சொன்னாள் தெரியுமா? நாங்கள் எல்லோரும் பெருமைப்படுகிறோம்" என்றார்.

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சு பென்சிலைத் தேடுவதுபோல் டப்பாவுக்குள் குனிந்துகொண்டேன்.

"ஆமாம், அவள் சொன்னது சரிதான்" என்று அத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். "நாளைக்கு நாங்கள் புத்தகத்தைத் தொடமாட்டோம். புரிந்துகொண்டதற்கு நன்றி." போனை வைத்துவிட்டுப் பாதி இஸ்திரி போட்ட புடவையை மடித்தாள்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாரு போன்ல?" என்றாள்.

"ஸ்கூல்ல நாளைக்கு வேற ஏதோ வேலையாம் அண்ணி. இன்னொரு நாள் வச்சுக்கலாம்னாங்க."

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. அந்த நூலகர் வருடக் கடைசியில் வேறு ஊருக்குப் போய்விட்டார். பதிப்பகத் தம்பதியும் கடையைக் கட்டிவிட்டார்கள். விற்காத பிரதிகள் பெட்டி பெட்டியாக எங்கள் கராஜுக்கு வந்தன. அடுத்த நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணியோடு ஆளுக்கொரு நாவலையும் வைத்துக் கொடுத்தாள். வாங்கிப் போனவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள், படித்திருக்க மாட்டார்கள். பாதியில் நின்ற இரண்டாவது நாவலைப் பற்றி அத்தையிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. மருந்துக் கடை வேலையில் அவள் மேலே மேலே போனாள். ரயிலில் எழுதுவதை விட்டுவிட்டாள். இன்றுவரை நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போகிறேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன்.

போன் வந்த மறுநாள், பூஜையன்று விடிகாலையில் அம்மா எல்லாப் புத்தகங்களையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினாள். அத்தை தனியாக எடுத்து வைத்திருந்த அந்த ஒரு பிரதியைக் கொண்டுவந்து, மேலே வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். எனக்கும் நெற்றியில் இட்டுவிட்டாள். "லஞ்சுக்கு சாண்ட்விச் வச்சிருக்கேன், போய்ட்டு வா" என்றாள்.

பூஜைக்காகத்தான் சொன்னேன் என்று அத்தை நம்பிவிட்டாள், நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, பள்ளி வாசல்வரை குதித்துக்கொண்டே போனேன்.