ஒரே குளம், இரண்டு கோர்ட்

என் தம்பி நெவியோ, இத்தாலி எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் வெந்திமிலியா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். இருபத்திரண்டு வருடமாக அதே கவுண்டர். பிரான்சுக்கு வண்டி மாறிப் போகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்ன கத்தினாலும் இவன் முகத்தில் ஒன்றும் தெரியாது. பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். மண்ணாங்கட்டி! வாரம் முழுக்க அவன் மனசு சனிக்கிழமையிலேயே இருந்ததுதான் விஷயம். சனிக்கிழமைகளில் அவன் வாட்டர் போலோ நடுவர்.

சின்ன வயதில் அவனும் விளையாடினான். குள்ளம், கையும் நீளமில்லை. மூன்றாவது கோல்கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு வருடம் ஓட்டினான். பத்தொன்பது வயதில் நடுவர் தேர்வு எழுதி, ஒரே தடவையில் தேறினான். அதற்கப்புறம் வேறு எதுவுமே அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. கல்யாணம் பண்ணிக்கோ என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். நடுவரின் வெள்ளைக் கால்சட்டையை அவனேதான் இஸ்திரி போடுவான். சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிற நான் ஒருநாள் அதைத் தொட்டுவிட்டேன். கீரைக் கறை படும் என்று என் கையைத் தட்டிவிட்டான்.

வாட்டர் போலோவுக்கு நடுவர் இரண்டு பேர். பையன்கள் நீந்திக்கொண்டே பந்தெறிய, நீச்சல் குளத்தின் இரு கரையிலும் ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டே விசில் ஊத வேண்டும். வருடா வருடம் மே மாதம் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் மென்டோன் பையன்களுக்கும் ஒரு ஆட்டம் நடக்கும். அதற்கு ஒரு நடுவர் இங்கிருந்து, ஒருவர் அங்கிருந்து. அந்த வருடம் அங்கிருந்து வந்தவள் ஒதில். மென்டோனில் தபால் கொடுப்பவள். நெவியோவுக்குப் பத்து வருடச் சிநேகம்.

கடைசிக் கால் பகுதி. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஒதில் எங்கள் பையன் ஒருவனை வெளியே அனுப்பினாள். அவனுடைய அப்பன் குவால்தியேரோ, எங்கள் வீட்டுக் குழாயெல்லாம் சரி செய்கிற ஆள்தான், கம்பியைத் தாண்டிக் குதித்து வந்து அவளை உடுப்போடு குளத்தில் தள்ளிவிட்டான். ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். நெவியோ சிரிக்கவில்லை. விசிலை நீளமாக ஊதி ஆட்டம் முடிந்தது என்று கையைக் காட்டினான். ஒதிலைக் கைகொடுத்துத் தூக்கி, உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப் போய்விட்டான்.

விதி அப்படி இல்லை. ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, கலாட்டா செய்தவனை வெளியேற்றி, கால் மணி நேரம் காத்திருந்து பார்த்த பிறகுதான் கைவிட வேண்டும். இவன் கால் நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. அதையும் பொறுத்திருப்பார்கள். அவன் எழுதிய அறிக்கைதான் குடியைக் கெடுத்தது. என் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதினான். நான் வாங்கிப் படித்தேன்.

"டேய், இது என்னடா? 'நான் காத்திருக்கவில்லை. அடுத்த முறையும் காத்திருக்க மாட்டேன்.' அடுத்த முறையப் பத்தி உன்ன யாரு கேட்டா?"

"உண்மைதானே அக்கா."

"உண்மைய மனசுல வச்சுக்கோ. காகிதத்துல எதுக்கு?"

"அறிக்கையில பொய் எழுத முடியாது."

"பொய் எழுதச் சொல்லலடா பாவி! வாய மூடிக்கிட்டு இருன்னுதான் சொல்றேன்."

கேட்டானா? விளையாட்டை நடத்துகிற எங்கள் கூட்டமைப்புக்கு அப்படியே அனுப்பினான். அங்கே ஒதிலும் அவளுடைய கூட்டமைப்புக்கு, 'நானும் காத்திருந்திருக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறாள். ஜூன் மாதம் இருவருக்கும் தபால் வந்தது. பேசி வைத்துக்கொண்ட மாதிரி, இவனுக்கும் இரண்டு வருடத் தடை, அவளுக்கும் இரண்டு வருடத் தடை.

இரண்டு வருடம்தானே என்று நினைக்காதீர்கள். எங்கள் நாட்டில் நடுவருக்கு நாற்பத்தைந்து வயது வரைதான். நெவியோவுக்கு அப்போது நாற்பத்து மூன்று முடிந்து நான்கு மாதம். தடை முடிவதற்குள் வயது முடிந்துவிடும். ஆக, அந்தத் தபாலோடு அவன் விசிலுக்கு முழுக்கு.

வக்கீல் பலெஸ்த்ராவிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது நெவியோவின் உறுப்பினர் சீட்டை. வருடா வருடம் அதில் கையெழுத்துப் போடும்போதே, சண்டை வந்தால் அரசாங்கக் கோர்ட்டுக்குப் போகமாட்டேன், கூட்டமைப்புக்குள்ளேயே தீர்த்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

"முதல்ல அவங்க வீட்டுக்குள்ள இருக்கிற படியெல்லாம் ஏறி இறங்கணும். அதுக்கப்புறம்தான் அரசாங்கம்" என்றார் வக்கீல்.

"அடிச்சவன் கிட்டயே போய் நியாயம் கேக்கணுமா?"

"அப்படித்தாம்மா சட்டம்."

ஏறினோம். கூட்டமைப்பின் இரண்டு விசாரணைப் படியிலும் அறிக்கையின் அந்தக் கடைசி வரியை உரக்கப் படித்துக் காட்டினார்கள். வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். இந்தப் புண்ணியவான் இரண்டு தடவையும் இல்லை என்றான். இரண்டு தடவையும் தோற்றோம்.

அக்டோபரில் ஒருநாள் கடலைமாவு அடையை இரண்டு பேரும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். ஒதில் போன் செய்தாள். குரல் எனக்கே கேட்டது.

"நெவியோ! எங்க நீஸ் நகரத்து அரசாங்கக் கோர்ட்ல தடைய ரத்து பண்ணிட்டாங்கப்பா! சனிக்கிழமை நான் ஊதப் போறேன்!"

இவன் மனசார வாழ்த்தினான். எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஜெயித்ததற்காக இல்லை, சத்தியமாக. மறுநாள் காலை கடையைக்கூடத் திறக்காமல் வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அதே குளம், அதே தண்ணி. அவளுக்கு மட்டும் எப்படிங்க கெடச்சுது?"

"அங்க விளையாட்ட நடத்துறது அரசாங்கத்தோட வேலை. அத கூட்டமைப்புகிட்ட ஒப்படைச்சிருக்கு. அதனால அரசாங்கக் கோர்ட் 'ஏண்டா இப்படிச் செஞ்சே'ன்னு கேட்டுத் தடையையே கிழிச்சுப் போடலாம். இங்க விளையாட்டு தனிக் குடித்தனம். கோர்ட் வாசல்ல நின்னு எட்டிப் பாக்கலாம், உள்ள போய் எதையும் தொடக் கூடாது. ஜெர்மனிக்குப் போனீங்கன்னா அது இன்னொரு கதை."

"அப்போ இவன மென்டோனுக்கே தத்துக் கொடுத்துடவா?"

"நாற்பத்து மூணு வயசுப் பிள்ளைய யாரும்மா எடுப்பா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோமில் அரசாங்கக் கோர்ட்டில் வழக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நெவியோ சனிக்கிழமைகளில் ரயில் நிலையத்தில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். ஒதில் ஒரு தடவை ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டாள். போனான். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றான்.

ஒரு வருடம் போய், அடுத்த டிசம்பர் கடைசியில் ரோமிலிருந்து தீர்ப்பு வந்தது. அவனுக்கு நாற்பத்தைந்து ஆக இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஏழு சனிக்கிழமை என்று அவன் எண்ணி வைத்திருந்தான். வக்கீல் எங்களை உட்கார வைத்துப் படித்தார். கூட நிற்கும் நடுவர் தாக்கப்படும்போது ஒருவர் காத்திருக்கத் தேவையில்லை, நெவியோ அல்லவேனா மீது தவறில்லை, தடை நியாயமற்றது. நான் மேசையைத் தட்டி, "பாத்தியாடா!" என்று கத்தினேன்.

"இருங்கம்மா, இன்னும் இருக்கு" என்றார் வக்கீல்.

தடையை ரத்து செய்யும் அதிகாரம் அரசாங்கக் கோர்ட்டுக்கு இல்லை. நஷ்டஈடு மட்டும் கொடுக்கலாம். போகாமல் போன அறுபத்திரண்டு ஆட்டத்துக்கு ஆட்டப்படி நாற்பத்தைந்து யூரோ வீதம், மனக்கஷ்டத்துக்கு எழுநூற்றுப் பத்து. மொத்தம் மூவாயிரத்து ஐநூறு.

நெவியோ அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். "காசு வேண்டாம் சார். அந்த ஏழு சனிக்கிழமையக் கேட்டுப் பாருங்க" என்றான்.

"கேக்க முடியாதுப்பா. கொடுக்கிறதுக்கு அவங்க கையில அது இல்ல."

அந்த வாரச் சனிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. மதியம் சந்தை மூடுகிற நேரத்தில் என் கடைக்கு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் தராசு பக்கத்தில் நின்றான். கொஞ்சம் பீன்ஸை எடுத்து அவன் முன்னால் தள்ளினேன். நாலைந்தை நுனி கிள்ளினான்.

"அக்கா, என் மேல தப்பில்லைன்னுதானே ரோம்ல எழுதியிருக்காங்க?"

"ஆமாண்டா. ஒரு பொட்டுத் தப்பில்ல."

"அப்போ நான் ஏன் இங்க நிக்கிறேன்?"

 ஆள் நடமாட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.